மத்ரிதில் பிறந்த கொள்கை, மைசூருக்கு வந்த குரு
ஆண்டர்சன்பேட்டை: தங்க வயலின் சமய வரலாறு – பகுதி 11

மனிதர் தம் அன்றாடத் தொழிலை விட்டு விலகாமல், அந்தத் தொழிலின் வழியாகவே புனித வாழ்வை எட்ட முடியும் என்னும் கருத்து கத்தோலிக்கத் திருச்சபைக்கு முற்றிலும் புதியதன்று. ஆயினும் அது நெடுங்காலம் திருச்சபைச் சிந்தனையின் ஓரத்திலேயே இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மட ஒழுங்கில் செபத்துக்கு இணையாக உடலுழைப்புக்கும் இடமிருந்தது என்றாலும், அந்த உழைப்பு மடத்துச் சுவர்களுக்குள் துறவியர் செய்த உழைப்பு. 1609இல் பிரான்சிஸ் சலேசியார் இல்லறத்தாருக்கும் படைவீரருக்கும் வணிகருக்கும் உரிய இறைப்பற்றைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஆனாலும் நிறைவாழ்வை நாடுபவர் உலகைத் துறக்க வேண்டும், துறக்க இயலாதவர் கட்டளைகளைக் கடைப்பிடித்து மீட்படைந்தால் போதும் என்ற இரண்டடுக்கு எண்ணம் பங்குத்தள வாழ்வில் ஆழ வேரூன்றியே இருந்தது. பொதுநிலையினர், அதாவது குருத்துவமோ துறவற வார்த்தைப்பாடோ ஏற்காத எல்லாக் கிறிஸ்தவர்களும், அந்த அடுக்கில் கீழ்த்தட்டில் இருந்தனர். இந்த அடுக்கை உடைப்பதையே தன் முதல் நோக்கமாக அறிவித்துக்கொண்ட 'ஓப்புஸ் தேயி' என்னும் நிறுவனத்தின் வரலாற்றையும், அது இந்தியாவுக்கு வந்த வழியையும், அதன் கொள்கை கோலார் தங்க வயலைப் போன்ற ஓர் உழைப்பு நிலத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் இப்பகுதி ஆராய்கிறது.

லத்தீன் மொழியில் 'இறைவனின் பணி' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இந்நிறுவனம், 1928 அக்டோபர் 2 அன்று ஸ்பெயின் தலைநகர் மத்ரிதில் ஹோஸேமரீயா எஸ்க்ரிவா என்னும் இருபத்தாறு வயது மறைமாவட்டக் குருவால் தொடங்கப்பட்டது. 1902இல் அரகோன் பகுதியின் பார்பாஸ்த்ரோ என்னும் சிற்றூரில் பிறந்து, 1925இல் குருப்பட்டம் பெற்ற எஸ்க்ரிவா, சட்டத்தில் முனைவர் பட்டம் பெறும் எண்ணத்துடன் மத்ரிதுக்கு வந்து, அங்கே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பணிபுரிந்தபடி, மாணவர்களையும் தொழில் வல்லுநர்களையும் தம்மைச் சுற்றிச் சேர்த்தார். தொடக்கத்தில் ஆண்களுக்கு மட்டுமே என்று கருதப்பட்ட இம்முயற்சி 1930 பிப்ரவரியில் பெண்களுக்கும் திறந்தது. 1933இல் மாணவர்களுக்கான ஒரு பயிலகம் அமைந்தது. 1936இல் வெடித்த உள்நாட்டுப் போரில் குருக்கள் வேட்டையாடப்பட்டபோது, எஸ்க்ரிவா தலைமறைவாக வாழ்ந்து, 1937இன் இறுதியில் பிரனே மலைகளைக் கால்நடையாகக் கடந்து தப்பினார். போர் முடிந்த 1939இல் அவர் வெளியிட்ட 'பாதை' என்னும் நூல், 999 சிறு குறிப்புகளாக அமைந்து, நிறுவனத்தின் கைநூலாகவே ஆகிவிட்டது.

எஸ்க்ரிவாவின் போதனையை அதன் உள்வலிமையோடு புரிந்துகொள்ள வேண்டுமானால், அவர் உழைப்பு நல்லது என்று மட்டும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்பு ஆதாமின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்ற பரவலான எண்ணத்தை அவர் மறுத்தார்; பாவத்துக்கு முன்பே மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான் என்ற தொடக்கநூல் வரியை அதற்கு ஆதாரமாகக் கொண்டார். இயேசு தம் வாழ்வின் பெரும்பகுதியை நாசரேத்தில் தச்சராகவே கழித்தார் என்பதால், அந்த மறைந்த ஆண்டுகளும் மீட்புப் பணியின் பகுதியே என்றார். இதிலிருந்து மூன்று படிகள் கொண்ட ஒரு வாய்பாடு பிறந்தது: தொழிலைப் புனிதப்படுத்துவது, தொழிலில் தன்னைப் புனிதப்படுத்திக்கொள்வது, தொழிலின் மூலம் பிறரைப் புனிதப்படுத்துவது. முதற்படிக்கு இன்றியமையாதது வேலையைச் செம்மையாகச் செய்வது. அரைகுறையாகச் செய்த வேலையை இறைவனுக்குக் காணிக்கையாக வைக்க முடியாது என்பது இதன் உட்கருத்து. அறுவைச் சிகிச்சை செய்பவரும் அறையைப் பெருக்குபவரும் இந்த அளவுகோலில் சமமே என்று நிறுவனம் ஓயாமல் வலியுறுத்தியது. அந்தச் சமத்துவம் நடைமுறையில் எந்த அளவுக்குக் காக்கப்பட்டது என்பது வேறு கேள்வி, அதற்கு இப்பகுதியிலேயே திரும்ப வேண்டியிருக்கும்.

இத்தகைய ஓர் அமைப்புக்குத் திருச்சபைச் சட்டத்தில் இடமே இல்லாதிருந்தது என்பது அதன் வரலாற்றின் சிக்கலான, ஆனால் சுருக்கமாகச் சொல்லத்தக்க பகுதி. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், உலகில் வாழ்ந்தபடியே வார்த்தைப்பாடுகளைக் கடைப்பிடிப்போருக்காக 'செக்குலர் இன்ஸ்டிடியூட்' என்னும் புதிய வகையை உருவாக்கியபோது, ஓப்புஸ் தேயி அதில் சேர்க்கப்பட்டு, 1950 ஜூன் 16 அன்று இறுதி ஒப்புதல் பெற்றது. அந்தச் சட்டை தமக்குப் பொருந்தவில்லை என்று எஸ்க்ரிவா 1975 ஜூன் 26 அன்று உரோமையில் இறக்கும்வரை கருதினார். 1982இல் இரண்டாம் யோவான் பவுல் அதை 'பெர்சனல் பிரிலேச்சர்' ஆக்கினார்; மறைமாவட்டம் நிலப்பரப்பால் வரையறுக்கப்படுவதைப் போலன்றி, இது குறிப்பிட்ட பணிக்காகச் சேர்ந்த ஆட்களால் வரையறுக்கப்படும் ஆட்சி அமைப்பு. 2002 அக்டோபர் 6 அன்று எஸ்க்ரிவா புனிதராக அறிவிக்கப்பட்டார். 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, இவ்வமைப்பின் தலைவர் இனி ஆயர் நிலைக்கு உயர்த்தப்பட மாட்டார் என்று கூறி, அதைக் குருக்களுக்கான வத்திக்கான் துறையின் கீழ்க் கொண்டுவந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 90,000 உறுப்பினர் கொண்ட இந்நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். மிகப் பெரும்பான்மையினர் 'சூப்பர்நியூமரரி' எனப்படும் திருமணமான இல்லறத்தார். மணத்துறவு ஏற்று நிறுவன இல்லங்களில் வாழும் 'நியூமரரி'கள் சிறுபான்மையினரே.

இந்நிறுவனத்தின் மிக முந்திய இந்தியத் தொடர்பு, அதன் இந்திய மையங்களுக்கு நாற்பது ஆண்டு முந்தையது. கேரளத்து இந்துத் தந்தைக்கும் காத்தலான் கத்தோலிக்கத் தாய்க்கும் 1918இல் பார்சலோனாவில் பிறந்த ரைமோன் பணிக்கர், உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில் எஸ்க்ரிவாவைச் சந்தித்து அந்நிறுவனத்தில் சேர்ந்து, 1946இல் குருப்பட்டம் பெற்றார். 1954இல் இந்தியாவுக்கு வந்து, மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் இந்தியத் தத்துவத்தை ஆராய்ந்தார். எஸ்க்ரிவாவின் தொடக்ககாலச் சீடர்களுள் ஒருவரான இக்குரு மைசூரில் வேதாந்தம் பயின்ற அதே காலத்தில்தான், அதே அரசின் கிழக்கு மூலையில், லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் குழுமத்தின் கையில் முக்கால் நூற்றாண்டு இருந்த தங்கச் சுரங்கங்களை மைசூர் அரசு 1956இன் இறுதியில் தன்வசமாக்கியது. இரண்டுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. மனத்தொலைவு அதனினும் பெரிது. பணிக்கரை ஈர்த்தது இந்தியாவின் உழைப்பு அன்று, இந்தியாவின் மறைஞானம். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மோன்ஷனேன், லெ ஸோ என்னும் இரு பிரெஞ்சுக் குருக்கள் நிறுவிய சச்சிதானந்த ஆசிரமத்தாருடன் அவர் நெருங்கிப் பழகினார். 1964இல் அவர் வெளியிட்ட 'இந்து சமயத்தின் அறியப்படாத கிறிஸ்து' என்னும் ஆங்கில நூல், சமய உரையாடலில் ஒரு திருப்பமாகவே கருதப்படுகிறது. 1966இல் அவருக்கும் ஓப்புஸ் தேயிக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. 2010இல் அவர் மறையும்வரை அத்தொடர்பு மீளவில்லை. உலகைத் துறக்காமலே புனிதம் என்ற கொள்கையோடு வந்தவர், துறவை முதன்மைப்படுத்திய மரபில் ஆழ்ந்துபோனார் என்பது இந்த வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நிறுவனம் தன் பணியை இந்தியாவில் முறையாகத் தொடங்கியது 1993இல், டெல்லியில். தலைநகரைத் தேர்ந்தது தற்செயலன்று. படித்த, தொழில் தகுதி பெற்ற, நகர்ப்புற மக்களிடமிருந்து தொடங்கி வெளிநோக்கி விரிவது மத்ரித் நாள் முதலே அதன் வழக்கம். 1952இல் ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் தொடங்கப்பட்ட நவார்ரா பல்கலைக்கழகமும், பல நாடுகளில் உள்ள வணிக மேலாண்மைப் பள்ளிகளும் அந்த வழக்கத்தின் கற்கட்டடச் சான்றுகள். 1957இல் ஃபிராங்கோவின் சர்வாதிகார அரசில் பொருளாதார அமைச்சர்களாகப் பொறுப்பேற்ற உல்லாஸ்த்ரெஸ், நவார்ரோ ரூபியோ ஆகியோர் இந்நிறுவனத்தின் உறுப்பினர்களாக இருந்ததால், அதற்கு அதிகார வர்க்கத்தின் அமைப்பு என்ற பெயர் நிலைத்தது. உறுப்பினர்கள் அரசியலில் தம் சொந்தப் பொறுப்பில் செயல்படுகிறார்கள், நிறுவனத்துக்கு அரசியல் கொள்கை இல்லை என்பது அதன் மறுமொழி. அது சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் ஒரு கொள்கை எந்த வகுப்பாரிடையே பிறந்து வளர்ந்தது என்பது அக்கொள்கையின் கண்பார்வையைத் தீர்மானிக்கும் என்பதை வரலாறு எழுதுவோர் புறக்கணிக்க இயலாது.

இனி தங்க வயலுக்கு வருவோம். ஆண்டர்சன்பேட்டை மக்களின் அன்றாட வேலை என்பது எத்தகையது என்பதை முந்தைய பகுதிகள் விரிவாகக் கூறியுள்ளன. இங்குத் தேவையானதை மட்டும் நினைவூட்டலாம். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள், இரும்புக் கேஜில் நெருக்கி நின்று சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், மைசூர், ஊரிகம் ஆகிய சுரங்கங்களின் ஷாஃப்டுகளுக்குள் இறங்கினர். 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தபின் ஆழம் விரைந்து கூடியது. சாம்பியன் ரீஃப் இறுதியில் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது, அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதைத் தொடக்கத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றும் பின்னர் 'ராக் பர்ஸ்ட்' என்றும் சொன்னார்கள்; எந்த முன்னறிவிப்பும் இன்றி அது வேலையாட்களை நசுக்கியது. உயிர்தப்பியவர்களின் நுரையீரலைப் பாறைத்தூசி மெல்லத் தின்றது. 1940களில் நடந்த மருத்துவ ஆய்வு ஒன்று, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய் இருந்ததைக் கண்டது. இந்தியத் தொழில்நல மருத்துவப் பாடநூல்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகின்றன.

இந்த வேலையைப் புனிதப்படுத்துவது என்றால் என்ன? செம்மையாகச் செய்வதே முதற்படி என்ற எஸ்க்ரிவாவின் விதியை இங்கு வைத்துப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். மருத்துவரோ ஆசிரியரோ தம் வேலையின் தரத்தைத் தாமே நிர்ணயிக்க முடியும். அவசரப்படாமல், கவனத்தோடு, மனச்சான்றோடு செய்வது அவர் கையில் உள்ளது. துளையிடும் எந்திரத்தின் பின் நிற்கும் தொழிலாளிக்கு வேலையின் வேகத்தை மேஸ்திரி நிர்ணயித்தார், இடத்தைச் சுரங்க எஞ்சினியர் நிர்ணயித்தார், ஆபத்தின் அளவை லண்டன் பங்குதாரர்கள் அறியாமலே நிர்ணயித்தார்கள். தூசியைக் குறைக்கும் நீர்வழித் துளையீட்டை அவர் தம் பக்தியால் கொண்டுவர முடியாது. தம் உழைப்பின் மேல் ஆட்சி உடையவருக்கே அக்கொள்கை முழுமையாகப் பேசுகிறது. ஆட்சியற்றவரிடம் அது பேசும்போது பொறுமையைப் போதிக்கும் குரலாகத் தேய்ந்துபோகும் ஆபத்து எப்போதும் உண்டு. இது எஸ்க்ரிவாவின் உள்நோக்கத்தைக் குறைகூறுவது ஆகாது. அவருடைய கொள்கை பிறந்த அறையில் சுரங்கத் தொழிலாளி இருக்கவில்லை என்பதைச் சுட்டுவது மட்டுமே.

அந்தத் தொழிலாளியை மனத்தில் வைத்துப் பேசிய வேறொரு கத்தோலிக்க மரபு இதற்கு முன்பே இருந்தது. ஜான் டெய்லர் நிறுவனம் தங்க வயலில் கால்பதித்துப் பத்தாண்டு கடந்திருந்த 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல், அதாவது உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு அனுப்பப்படும் போதனைக் கடிதம், வாழ்க்கை நடத்தப் போதுமான ஊதியம் நீதியின் கோரிக்கை என்றும் தொழிலாளர் சங்கம் அமைப்பது இயல்பான உரிமை என்றும் அறிவித்தது. பெல்ஜியத்தின் கார்டைன் என்னும் குரு 1925இல் அமைத்த இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், நிலைமையைக் காண், சீர்தூக்கு, செயல்படு என்னும் முறையைத் தொழிற்சாலை இளைஞர்களுக்குக் கற்பித்தது. எஸ்க்ரிவா மத்ரிதில் தொடங்கியதற்கு மூன்று ஆண்டு முன் நடந்தது இது. எஸ்க்ரிவாவின் மரபு உழைப்பவரின் உள்ளத்தைத் திருத்த முயன்றது. மற்றது உழைப்பின் நிபந்தனைகளைத் திருத்த முயன்றது. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக்கியது இவ்விரண்டையும் ஒரே நாளில் கட்டிவைக்கும் முயற்சி எனலாம். செங்கொடி ஊர்வலத்துக்குப் போட்டியாக அது எழுந்தது என்பதும் உண்மையே.

தங்க வயலில் இம்மரபுகளுள் எதுவும் தனியாகக் களத்தில் நிற்கவில்லை. 1886இல் மறைமாவட்டமாகிய மைசூரை நடத்திய பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் இங்கு ஆலயங்களையும் பள்ளிகளையும் கட்டி எழுப்பினர். ஆனால் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளுக்குள் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தமும் 1907 முதல் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைவிட்டிருந்தது. அயோத்திதாசர் மறைந்தபின், 1926இல் ஜி. அப்பாதுரையார் அவரது 'தமிழன்' இதழைத் தங்க வயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். அந்தப் பௌத்தம் தொழிலாளிக்குச் சொன்னது உழைப்பின் புனிதத்தையன்று, உழைப்பவரின் பூர்வ மதிப்பை. 1930இல் அடையாளப் பதிவுக்காகக் கைரேகை வைக்கச் சொன்ன சுரங்க நிர்வாகத்தை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தபோது, தங்களைக் குற்றப்பரம்பரையினரைப் போல நடத்துகிறார்கள் என்ற கோபமே அதன் உயிர்நாடியாக இருந்தது. எந்தச் சமயத்தவராயினும் அவர்கள் அன்று கேட்டது மதிப்பு. வேலையில் புனிதம் காண்பது அதற்கு அடுத்த படி.

இதனால் எஸ்க்ரிவாவின் கொள்கைக்கு இங்கு மதிப்பே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. பொதுநிலையினர் திருச்சபையின் இரண்டாம் தரக் குடிகள் அல்லர் என்பதை அவர் சொல்லத் தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள் கழித்தே, 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் தன் திருச்சபைக் கொள்கைத் திரட்டின் ஐந்தாம் இயலில், புனிதத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பின் பயன் ஆண்டர்சன்பேட்டையின் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் உரியதே. 1981இல், கல்குவாரியும் ரசாயன ஆலையும் கண்ட முன்னாள் தொழிலாளியான இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் ஆன்மிகமும் மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்ற நீதிக்கோட்பாடும் ஒருங்கே வைக்கப்பட்டன. இந்த இணைப்பே சரியானது. ஒன்றை விட்டு மற்றொன்றை எடுப்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள்.

அதை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு ஓப்புஸ் தேயியின் சொந்த வரலாற்றிலேயே ஒரு வழக்கு உண்டு. நிறுவன இல்லங்களில் சமையல், துவைத்தல், துப்புரவு ஆகியவற்றை மணத்துறவு ஏற்ற 'நியூமரரி உதவியாளர்' என்னும் பெண்கள் வாழ்நாள் முழுவதும் செய்கிறார்கள். வீட்டு வேலையும் பேராசிரியர் பணியைப் போன்றே புனிதம் என்பது அவர்களுக்குத் தரப்படும் விளக்கம். அர்ஜென்டினாவில் இவ்வாறு வாழ்ந்து வெளியேறிய 43 பெண்கள், ஏழைக் குடும்பங்களிலிருந்து படிப்பு வாய்ப்பு என்று அழைத்துவரப்பட்டு, முறையான ஊதியமும் ஓய்வூதியப் பங்களிப்பும் இன்றித் தாங்கள் வேலை வாங்கப்பட்டதாக 2021இல் வத்திக்கானில் முறையிட்டனர். அந்நாட்டு அரசு வழக்கறிஞர்களும் பின்னர் இதைக் கையில் எடுத்தனர். ஆள்கடத்தல், சுரண்டல் ஆகிய குற்றச்சாட்டுகளை நிறுவனம் மறுக்கிறது; அதே வேளை முன்னாள் உறுப்பினர்களின் குறைகளைக் கேட்க ஓர் அலுவலகத்தையும் அது அமைத்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், புனிதம் என்ற சொல் கூலிக் கணக்கேட்டுக்கு மாற்றாக முடியாது என்பதைத் தங்க வயலின் தொழிலாளர் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்த வயலில் வேலையே இல்லாமற் போயிற்று. கொள்கை அளவில் நடந்த விவாதம் எல்லாம் ஒரே நாளில் வேறு பொருள் கொண்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் இன்று ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குச் சென்று, கட்டட வேலையிலும் ஆடை ஆலைகளிலும் காவல் பணியிலும் அலுவலகத் துப்புரவிலும் நாளைக் கழித்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். இவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1891இன் சுற்றுமடல் கேட்ட ஊதிய நீதியும் சங்க உரிமையும் இவர்களுக்கு இன்னும் நிலுவையில் உள்ளன. 1930இன் கைரேகை வேலைநிறுத்தத்தை, அதன் தொடக்கம் முதல் நிர்வாகம் பின்வாங்கியது வரை, அடுத்த பகுதி விரிவாகக் கூறும்.